ஆறு

வலி எத்தனை என்று கேட்பார்கள்,
ஒன்றிலிருந்து பத்துக்குள்.
தைமி எப்போதும் ஆறு என்பாள்.
ஏழு என்றால் மாத்திரையை மாற்றிவிடுவார்கள்,
பகலெல்லாம் தூங்கி வழிய வேண்டும்.
ஐந்து என்றால்
காப்பீட்டுக்காரர்கள் சந்தோஷப்பட்டுவிடுவார்கள்.

பதினோரு வருடமாக
ஒவ்வொரு பிப்ரவரியிலும் கயானிக்குப் போய்
இன்னும் குணமாகவில்லை என்று
நிரூபித்துவிட்டு வருகிறோம்.
ஒரு டாக்டர், வருடா வருடம் வேறொருவர்,
வலக் கையைத் தூக்கச் சொல்வார்.
தோள் வரைக்கும் வரும். அங்கே நிற்கும்,
கடை அடைத்தது தெரியாமல் வந்த ஆள் மாதிரி.

எனக்கு ஒன்றும் ஆகவில்லை.
அதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.
ஓட்டியது நான்.
சோட்காமோ சாலை, அக்டோபர், மாலை ஐந்தே கால்.
அந்த மூஸ் மான் காட்டிலிருந்து வரவில்லை,
தார் ரோட்டிலேயே முளைத்தது,
நான்கு நீளக் கால்களோடு.
நான் ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்தேன்.
இடப்பக்கம் நான் இருந்தேன்.
வலப்பக்கம் அவள்.

ஏன் அந்தப் பக்கம் என்று
போலீஸ் கேட்கவில்லை.
அவளும் கேட்கவில்லை.
என் சட்டையில் ஒரு பொத்தான் போயிருந்தது.

மானை வேட்டைச் சங்கத்தார் எடுத்துப் போனார்கள்,
அதுதான் இங்கே வழக்கம்.
ஒரு வாரம் கழித்து, நல்லெண்ணத்தில்,
இரண்டு கிலோ கறி கொண்டுவந்து கொடுத்தார்கள்.
எறியவும் முடியாமல் சமைக்கவும் முடியாமல்
ஃப்ரீஸரின் அடியில் ஒளித்துவைத்தேன்.
மார்ச்சில் வீடு திரும்பியவள் கண்டுபிடித்தாள்.
இடக் கையால் கிளறி வேகவைத்து
இரண்டு தட்டு சாப்பிட்டாள்.
நான் உருளைக்கிழங்கு மட்டும்.

வீட்டில் அவள் தோளுக்கு மேலே எதுவும் இல்லை.
கோப்பை, காபித் தூள், ரொட்டிப் பெட்டி
எல்லாம் ஒவ்வொன்றாய் இறங்கி வந்துவிட்டன.
மேல் அலமாரியைத் திறக்கும் விருந்தாளிகள்
வெறும் தாளைப் பார்த்துவிட்டு
எங்களுக்குக் கஷ்டம் போல என்று மூடுகிறார்கள்.

சில நாள் சொற்களும் அந்த உயரத்தில்தான்.
கரண்டி எட்டாது.
"சூப்போடு போகுமே, அது" என்பாள்.
எடுத்துக் கொடுத்தால் கோபம் வரும்.
காத்திருக்க வேண்டும்,
நெற்றியைச் சுருக்கிக்கொண்டு அவள் தேடி முடிக்கும் வரை,
சூப் ஆறும் வரை.

நூலக வண்டி ஓட்டியவள் அவள்.
பத்தொன்பது வருடம், பனியில், சேற்றில்,
ஒரு முயலைக்கூடத் தொடாமல்.

இந்த வருடத்து டாக்டர் ஒரு பெண்.
படிவத்தை இரண்டு முறை படித்தாள்.
ஓட்டலாம் என்ற கட்டத்தில்
சின்னதாக ஒரு டிக்.
வாகன நிறுத்தத்தில் தைமி
கையுறையைக் கழற்றி உள்ளங்கையை நீட்டினாள்.
சாவி என்ற சொல் வந்ததா வரவில்லையா தெரியாது,
நான் கொடுத்தேன்.

உறைந்த ஏரிகள், அப்புறம் காடு,
அப்புறம் மான் படம் போட்ட மஞ்சள் பலகை.
எங்களுக்குப் பிறகு நட்டது.
அவள் வேகத்தைக் குறைக்கவில்லை.
என் வலது கால்
கால்மிதியை அழுத்திக்கொண்டே இருந்தது.

"வெய்க்கோ, அங்கே பிரேக் இல்லை" என்றாள்.

ரொம்ப தூரம் போன பிறகு,
கண்ணை ரோட்டிலிருந்து எடுக்காமல்:
"உனக்கு எத்தனை?"

எத்தனை என்ன, என்று கேட்கப் பார்த்தேன்.
ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினேன்,
நடுவிலே விட்டுப்போயிற்று.
சோட்காமோ பெட்ரோல் நிலையத்தில் நிறுத்தினாள்.
ஜன்னலோரம், இரண்டு காபி,
ஒரே ஒரு பன்.
வெளியே யாரோ கண்ணாடியில் பனி சுரண்டிக்கொண்டிருந்தார்கள்.
அவள் எதையும் எடுத்துக் கொடுக்கவில்லை.
உட்கார்ந்திருந்தாள், எதிரே,
காபி ஆறும் வரை.