முன்வண்டியின் டயர்

முன்வண்டியின் டயர் தரையைத் தொடும் இடம்
தெரிகிற தூரத்தில் நிறுத்து என்பாள் ரெஃபில்வே.
ஜோஹன்னஸ்பர்க், சிவப்பு விளக்கு, இருட்டும் நேரம்.

அன்று அவள் வீட்டு கேட்
பாதிதான் திறந்திருந்தது.
கண்ணாடியில் துப்பாக்கி தட்டிய சத்தம்
சில்லறை விழுந்தாற்போல் அவ்வளவு சின்னது.

கைகளைத் தூக்கிக் காட்டினாள்.
"பெல்ட்டைக் கழற்றப் போகிறேன், இடது கையால்."
சொல்லிவிட்டுத்தான் கழற்றினாள்.
"வண்டி உனக்கு. பின்னால் என் பிள்ளை."

"சிசி, சீக்கிரம்" என்றான்,
அக்காவை அவசரப்படுத்தும் தம்பி போல.
அவன் கையும் நடுங்கியது.

பிள்ளையின் இருக்கை
எப்போதும் அவள் முதுகுக்கு நேர் பின்னால்.
வண்டியைச் சுற்றி ஓட வேண்டியதில்லை.
ஒரு கதவு, ஒரு கொக்கி.

துமிசாங் விழிக்கவே இல்லை.

போலீஸ் படிவத்தில் எழுதினாள்:
வெள்ளை கார். போன்.
இடது கால் செருப்பு, குழந்தையுடையது,
நீலம்.