விறகுக் கணக்கு

ராயக்கோட்டை தக்காளி மண்டிக்குப் பின்சந்தில்
தகரக்கூரை போட்ட ஓர் அறை.
"ஹெல்விக் தொரை தர்ம நிதி" என்று பலகை.
மழை தின்றது போக மிச்சம்:
"விக் தொரை தர்ம".
தணிக்கைக்கு வந்திருக்கிறேன், ஓசூரிலிருந்து,
காலை ஏழரை பஸ்ஸில்.

வரவு: வட்டி.
செலவு: விறகு.
அடுத்த வருடமும் விறகு.
பஞ்ச வருடத்தில் விறகு, தேர்தல் வருடத்தில் விறகு,
பேரேடு மாறுகிறது, கையெழுத்து மாறுகிறது,
விறகு மாறவில்லை.

"வைத்தியர் வைத்த தர்மம் என்கிறீர்கள்.
மாத்திரை வாங்கிய ரசீது ஒன்றுகூட இல்லையே?"

காரியதரிசி திம்மராயன் பேசாமல்
ஒரு தாளை என் பக்கம் தள்ளினார்.
தொரை கஷாயம்.
சுக்கு ஒரு விரற்கடை. ஓமம் ஒரு சிட்டிகை.
காய்ந்த மாதுளை ஓடு. எலுமிச்சையளவு வெல்லம்.
மூன்று விரல் அள்ளும் உப்பு.
செம்புத் தண்ணீரில் போட்டு, தளதளவென்று கொதி வந்தபின்
இருநூறு எண்ணு.
நூற்றுத் தொண்ணூற்றொன்பதில் இறக்கினால்
மருந்து செத்துப்போகும்.

கடைசி வரி அவரே எழுதியது.
பாறை ஏறும் ஆடுகள் மாதிரி
ஒவ்வோர் எழுத்தும் ஒவ்வொரு பக்கம் பார்க்கிறது.

பேதி வந்த வருடம்
குதிரை மேல் ஊர் ஊராகப் போய்ச் சொன்னாராம்:
"தண்ணியைக் காய்ச்சிக் குடி."
சிரித்தார்களாம்.
"மனுசனுக்குக் காய்ச்சல் வந்தா இறக்கறவன் வைத்தியன்.
இந்தத் தொரை
தண்ணிக்கே காய்ச்சல் வரவைக்கிறான்."

அந்த வாரம் எருதுகோட்டையில் பதினொரு பாடை.

அதற்கப்புறம்தான் சுக்கு வந்தது, ஓமம் வந்தது.
அவருடைய ஜெர்மன் குறிப்பேட்டில் ஒரு வரி,
மத்திகிரி பாதிரியார் படித்துச் சொன்னதாம்:
"மருந்து தண்ணீர்தான்.
மற்றதெல்லாம் அதற்கு நான் போட்ட சட்டை."

எண்ணினார்கள்.
தெலுங்கில், கன்னடத்தில், தமிழில்,
நூறுக்கு மேல் எண்ணத் தெரியாதவர்கள்
நூறை இரண்டு தடவை.

ஆனால் பைரம்மா என்று ஒருத்தி
செம்பைக் காலடியில் வைத்துவிட்டுக் கேட்டாளாம்:
"சுக்கு நீ குடுத்தே. எண்ண எம்மகன் இருக்கான்.
எரிக்க?"
காடு அப்போது சர்க்கார் காடு.
தலைச்சுமை சுள்ளிக்கு அரை ரூபாய் அபராதம்.

தொரையிடம் அதற்குக் கஷாயம் இல்லை.

அப்புறம் சண்டை மூண்டது.
எதிரி தேசத்தான் என்று அழைத்துப் போக
சேலத்திலிருந்து போலீஸ் வருவதற்குள்
குதிரையை விற்றார், சேணத்தைத் தனியாக விற்றார்,
பித்தளை நுண்நோக்கியை விற்றார்.
பத்திரத்தில் இரண்டே வாக்கியம்:
"விறகுக்கு மட்டும். வேறெதற்கும் தொடாதே."
வடக்கே முகாமுக்குக் கொண்டுபோனார்கள்.
அதற்கு மேல் பேரேட்டில் அவர் இல்லை.

நான் என் வாக்கியத்தோடு வந்திருந்தேன்:
எல்லா வீட்டிலும் சிலிண்டர் வந்துவிட்டதால்
நோக்கம் காலாவதி.
நிதியை முடிக்கலாம்.
பேனா மூடியைத் திறந்தபோது
வாசலில் ஒரு பெண்.
மண்டியில் கூடை சுமப்பவள், ஒடிசாக்காரி,
இடுப்பில் குழந்தை, அதன் கண்கள் உள்ளே போயிருந்தன.
கொட்டகைக்குக் கதவு எண் கிடையாது.
எண் இல்லாத இடத்துக்குச் சிலிண்டர் தரமாட்டார்கள்.

"மொதல்ல ஆஸ்பத்திரி," என்றார் திம்மராயன்,
கையால் திசை காட்டி.
போய்விட்டு வந்துதான் நிற்கிறாள்.
உப்பும் சர்க்கரையும் கலந்த பொட்டலம் கையில்,
கொதித்து ஆறிய தண்ணீரில் கரைக்கச் சொல்லி.

அவர் புளிய விறகு ஒரு கட்டு இறக்கினார்.
விரலை மடக்கி மடக்கிக் காட்டினார், இருநூறு.
அவள் தன் மொழியில் தொடங்கினாள்,
ஏக்கோ, துயி, தினி,
குழந்தை அவள் வாயையே பார்த்தது.

எழுதி வந்த வாக்கியத்தை
பையில் வைத்து ஜிப்பை இழுத்தேன்.

பேரேட்டில் அவள் கட்டைவிரலை வைத்தாள்.
தக்காளிச் சாறும் மையும் கலந்து
ரேகை தெளிவாக விழவில்லை.
துடைத்துவிட்டு மறுபடி வைக்கச் சொன்னேன்.
கணக்கு கணக்குதான்.