இருபத்துமூன்றேகால்

நூற்றி எண்பதுக்கு மேலே நான் விடுவதில்லை.
இருநூற்றிப் பத்தில் வைத்தால் ஒரே இழுவையில் முடியும் என்கிறார்கள்
உள்துறைமுக வீதிச் சலூன்காரர்.
முடியும்தான்.
முடியும் முடிந்துவிடும்.

பாலையூற்றிலிருந்து டெல்சியா வந்தாள்,
போனில் சொன்னபடி தலை கழுவி, சிக்கெடுத்து,
எண்ணெய் தொடாமல்.
பேனாவுக்குள் இருக்கும் கம்பிச்சுருள் போல
ஒவ்வொன்றும் தன் பாட்டில் இறுகி.

கல்யாண வீடா, இன்ரவியூவா, பாஸ்போட் படமா
என்று எல்லாரிடமும் கேட்பேன்.
விடுப்புக்கு இல்லை.
எத்தனை நாள் நிற்கவேண்டும் என்று தெரிந்தால்தான்
எத்தனை சொட்டு சீரம் என்று தெரியும்.

"நீளம் பாக்க" என்றாள்.

தையல்காரி.
"ஊர்ச் சட்டை முழுக்க அளக்கிறன்.
என்ரை மயிர் எவ்வளவு எண்டு
முப்பத்திநாலு வயசாகியும் எனக்குத் தெரியாது."
பள்ளிக்கூடத்தில் ஒரு சிஸ்டர்
அடிமட்டத்தில் இழுத்துப் பிடித்துப் பார்த்தாளாம்.
கை விட்ட கணத்தில் ஓடிவிட்டதாம்.

நாலு கூறாகப் பிரித்துக் கிளிப் போட்டேன்.
விரலகலம் விரலகலமாக எடுத்து,
சீப்பு முன்னே போக அயன் பின்னே போகவேண்டும்.
சீ என்று சத்தம் வந்தால் ஈரம், நிறுத்து.
தேய்த்த பருத்திச் சேலை மணக்கலாம்,
கோழி இறகு மணக்கக் கூடாது.
"காதைப் பிடியுங்கோ" என்றேன், சுடாமலிருக்க.
இரண்டு காதையும் பிடித்துக்கொண்டு
"உங்கடை பிள்ளையாருக்குத் தோப்புக்கரணம் போடவோ?" என்று
மாதா பதக்கம் ஆடச் சிரித்தாள்.

வலப்பக்கம் முடிந்தபோது கரண்ட் போனது.

வாசற்படியில் கதிரை போட்டு இருந்தோம்,
நானும் அவளும், கிண்ணியாவிலிருந்து வேலை பழக வரும் சஃப்னாவும்.
கச்சான் வீசிக்கொண்டிருந்தது.
எங்கள் தொழிலுக்கு நல்ல காற்று அது.
ஐப்பசியில் வாடை திரும்பினால்
திருகோணமலையில் ஒரு தலையும் நேராக நில்லாது.
எதிரே பேக்கரி அட்டைப்பெட்டியைச்
சவைத்துக்கொண்டு நின்றது ஒரு கோட்டை மான்.
போகிற வருகிறவர்களில் யாருக்கு எந்தப் பக்கம்
என்று டெல்சியா தேர்ந்து தேர்ந்து காட்டினாள்.
ஒரு ஓட்டோக்காரனுக்கு இரண்டையும் காட்டினாள்.
அவன் பிரேக் பிடித்தான்.

பிறகு பையிலிருந்து மஞ்சள் நாடாவை எடுத்தாள்.
அதுவும் சுருண்டுதான் கிடந்தது.
சஃப்னா நுனியைப் பிடித்தாள்.
வலம்: இருபத்துமூன்றேகால்.
இடம்: பத்தரை.
"மிச்சம் இவ்வளவு நாளும் எங்கை நிண்டது?"
யாரும் பதில் சொல்லவில்லை. மான் மற்ற அட்டைக்குப் போனது.

முதலில் பேன் சுற்றியது, பிறகு ரேடியோ பேசியது.
அயன் சூடாக நான் இடப்பக்கக் கிளிப்பைக் கழற்றினேன்.
"வேண்டாம். ஒரு கை அளந்தால் போதும்,
மற்றக் கையும் அதேதானே."

பாதித் தலையோடு என் கடையிலிருந்து
ஒருவரும் இறங்கினதில்லை என்றேன்.
பெயர்ப்பலகையைக் காட்டினேன்.
எங்கள் ஆட்களின் வாயைப் பற்றியும் சொன்னேன்.
"அப்ப கழுவி விடுங்கோ."

ஒன்றரை மணிநேர வேலையை
என் கையாலேயே தொட்டியில் ஊற்றினேன்.
தண்ணீர் பட்டதுமே ஏறத் தொடங்கியது,
இஞ்சு இஞ்சாக, அவசரமில்லாமல்,
வழி தெரிந்ததுபோல.

நெற்றிப்பொட்டருகே ஒரு கொத்து மட்டும் திரும்பவில்லை.
மூன்று தரம் நனைத்தேன். கசக்கினேன். விரலில் சுற்றினேன்.
ஈர்க்குப்போல் நின்றது.
அவள் கண்ணாடியைப் பார்க்கவில்லை,
ஓடர்க் கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தாள்,
யாரோ ஒரு ரீச்சரின் சட்டைக்கும்
இரண்டு வெள்ளை யூனிபோமுக்கும் நடுவில்:
டெல்சியா, 23¼.

சொல்லாமல் விட்டிருக்கலாம்.
சொன்னேன். ஐந்நூறு குறைத்தேன்.
அவள் அந்தக் கொத்தை இழுத்து,
நாடா இல்லாமல் கண்ணாலேயே அளந்து
காதுக்குப் பின்னால் செருகிக்கொண்டு
வெயிலில் இறங்கினாள்.

கடை பூட்டுமுன்
அயனை நூற்றி எழுபதுக்கு இறக்கினேன்.