பூஜ்யம்

படிவத்தின் ஏழாவது கட்டம்:
"இந்த ஆண்டு சங்கத்துக்காகத் தாங்கள்
ஊதியமின்றி உழைத்த நேரம், மணிக்கணக்கில்."
மொத்தத்தை மாகாண அரசுக்கு அனுப்ப வேண்டும்
வெள்ளிக்கிழமைக்குள்.
அந்த மானியத்தில்தான் மாநாட்டுச் சூப்பு.

நான் பொருளாளர்.
மற்ற நேரத்தில், தெற்கு சாஸ்காட்செவனில்
அறுநூறு பேர் குடிக்கும் தண்ணீருக்குப் பொறுப்பு.
குடிநீர் நிலையப் பணியாளர் சங்கத்தில்
நூற்றுப் பன்னிரண்டு உறுப்பினர்கள்;
ஆளுக்கோர் ஊர், ஊருக்கோர் ஆள்.
ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதே
பிப்ரவரியில் இரண்டு நாள்,
ஹாக்கி அரங்கின் மாடியில்,
கீழே பையன்கள் பலகையில் மோதும் சத்தத்துக்கு மேலே.

மார்செல் கோடே: நாற்பத்தொன்றரை.
அரையை எதை வைத்து அளந்தானோ.
டெல்மா ஒக்கிமாவ்: இருபது. அதை அடித்து இருபத்தைந்து.
அதையும் அடித்து, "உனக்கே தெரியும்."
தலைவர் லாய்ட் ஃபென்ஸ்கே: முந்நூறு.
அதில் பேச்சு எத்தனை என்று நான் கேட்கவில்லை.

ஒரெஸ்ட் பாலுக்: பூஜ்யம்.
விட்டுப்போன கட்டமல்ல.
பேனாவை அழுத்தி
வட்டத்தை முழுசாக மூடி
பூஜ்யம்.

கணக்கு உதைத்தது.

போன ஜனவரி, மைனஸ் நாற்பத்திரண்டு,
என் குளோரின் பம்பு உறைந்த இரவில்
மூன்று மணிவரை போனில் இருந்தது யார்?
"இடது பக்க நட்டு. இல்லை, அதுக்கும் கீழே.
வீட்டில் ஹேர் டிரையர் இருக்கா?"

கான்ராட் க்ளாசனுக்கு இதயத்தில் அறுவை.
பதினோரு நாள் அவர் ஊரின் குழாய்கள்
எப்போதும்போல் திறந்தன, மூடின.
யார் வந்துபோனதென்று அங்கே எவருக்கும் தெரியாது.
எங்கள் தொழிலில்
நம் பெயர் ஊருக்குத் தெரிந்தால்
ஏதோ கெட்டுப்போயிருக்கிறது என்று பொருள்.

போன் செய்தேன்.
"ஒரெஸ்ட், ஏழாவது கட்டம்."
"எழுதியிருக்கேனே."
"என் பம்பு உறைஞ்ச ராத்திரி?"
"எப்படியும் முழிச்சுத்தான் இருந்தேன்."
"கான்ராட் ஊர்?"
"அது போற வழி."
போற வழியாம்.
தொண்ணூறு கிலோமீட்டர், எதிர்த்திசையில்.
"மாநாட்டு நாற்காலிகள்?"
"நாற்காலி மடக்கறதுக்கெல்லாமா, டார்லீன்,
மணி பார்ப்பாங்க?"

பென்சிலை எடுத்தேன்.
பூஜ்யத்துக்கு முன்னால் ஓர் ஒன்பது போட
எவ்வளவு நேரமாகும்.
கீழே அவர் கையெழுத்து இருந்தது.
வைத்துவிட்டேன்.
அந்த அழைப்பை மட்டும் என் படிவத்தில்
கால் மணி என்று சேர்த்துக்கொண்டேன்.

விருந்தில் மணி வரிசைப்படி பெயர் வாசித்தார்கள்.
முதலில் லாய்ட். எல்லோரும் எழுந்து தட்டினோம்.
சங்க முத்திரை போட்ட எஃகுக் கோப்பை ஆளுக்கொன்று.
மார்செல் தன்னுடையதைத் தூக்கிக் காட்டினான்,
உலகக் கோப்பை மாதிரி.
முப்பத்தெட்டாவது பெயரில் கைதட்டல் இளைத்து
கரண்டிச் சத்தம் தொடங்கியது.
அடுக்களையில் யாரோ
காப்பி அண்டாவின் அடிக்கறையைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.
யாரென்று நான் எட்டிப் பார்க்கவில்லை.

'நன்றி'யில் ஓரெழுத்து விட்டுப்போய் அச்சான
கோப்பை ஒன்று பெட்டியில் மிச்சம்.
இரவு அதை அவர் டிரக்கின் இருக்கையில் வைத்தேன்.
இங்கே யாரும் பூட்டுவதில்லை.

மார்ச்சில் கேஸ்கெட் கடன் கேட்டு
அவர் நிலையத்துக்குப் போனேன்.
கசியும் வால்வுக்கு அடியில்
கோப்பை நின்றிருந்தது, பாதி நிறைந்து.
சொட்டு.
ரொம்ப நேரம் கழித்து, சொட்டு.

"வால்வை மாத்தணும்," என்றார்.
"அதுவரைக்கும் இது சும்மா ஒத்தாசை பண்ணுது."
எடுத்துச் சாக்கடையில் கொட்டி
அதே இடத்தில், அதே ஈர வட்டத்தின்மேல்
திரும்ப வைத்தார்.

"கேஸ்கெட் என்ன சைஸ்?"