அவன் இல்லாத வீடு

வகுப்பு வாட்சப்பில் புனிதமலர் டீச்சர் கேட்டிருந்தார்:
"சனிக்கிழமை கேண்டீன் நாள்.
யாழிசை அம்மா, ஒரு கேக் செய்து தர முடியுமா?
நாற்பது துண்டு."

ஆலையில், தராசு மேடைக் கூண்டில் இருந்தேன்.
கண்ணாடிக்கு வெளியே லோரி லோரியாய்ச் செம்பனைக் குலை.
ஒரு கையால் எடையைப் பதிந்துகொண்டே
மறு கையால் தட்டினேன்:
"எங்கள் வீட்டில் அவன் இல்லை டீச்சர்."

நீலக் குறி இரண்டும் விழுந்தன.
தட்டுகிறார், நிறுத்துகிறார்,
மறுபடி தட்டுகிறார்.
கடைசியில் குழுவில் அல்ல, எனக்கு மட்டும் வந்தது:
"மன்னிச்சிடுங்க, எனக்குத் தெரியாது.
எத்தனை மாசமாச்சு?"

பதினொன்று.
அதைப் போனில் எழுதாமல்
எடைச் சீட்டில் எழுதிவிட்டேன் போல.
லோரிக்காரர் சன்னாசி அண்ணன் சீட்டைத் திருப்பி நீட்டினார்:
"பதினெட்டு டன் ஏத்தினேன்மா.
வர்ற வழியில என் லோரி இளைச்சிடுச்சா?"

கேக் சுடும் அவனைத்தான் சொன்னேன் என்று
திருத்தியிருக்கலாம்.
சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனவன்
லீவு கிடைக்காமல் இருக்கிறான் என்று மாமியாரிடம்;
அடுத்த மாதம் வருவான் என்று தாமான் வாசலில்;
ஆளுக்கொரு கணக்கு வைத்திருந்தேன்.
கூட்டல் கழித்தல் இல்லாமல் ஒரே வரியில்
அன்றைக்குத்தான் எழுதியிருக்கிறேன்,
அதுவும் தெரியாமல்.
திருத்தவில்லை.
"கேக் கொண்டு வர்றேன்" என்று மட்டும் அனுப்பினேன்.

சாயங்காலம் பகாவ் டவுனில்
மேரி பிஸ்கட் இரண்டு பெரிய பாக்கெட்,
வெண்ணெய், முட்டை, சூசு ஒரு டின்.
சாமானைப் பார்த்தே கடைக்கார ஆ லெக் சொன்னார்:
"பாத்தேக் கேக்கா? மைலோ இருக்கா வீட்டில?"
இருந்தது.

வெண்ணெய் உருகும்போது தீயைக் கூட்டக் கூடாது.
மைலோ முதலில் மேலே மிதந்து அடம்பிடிக்கும்.
சூசு ஊற்றி, முட்டை ஊற்றி,
கை ஓயாமல் கிண்டினால்
மழைநாள் தோட்டத்து ரோடு மாதிரி இருந்தது
மெல்ல மெல்லப் பளபளக்கும்.
யாழிசை பிஸ்கட் உடைத்தாள்.
"நாலா உடை, தூளாக்காதே."
பாதி நாலு, பாதி தூள்.
"எப்பம்மா சுடணும்?"
"சுடவே வேணாம்."
"சுடாம எப்படிம்மா கேக்கு?"
பதில் தெரியவில்லை.
மைலோ டின்னின் அடியில் பிளாஸ்டிக் சுற்றி
அவள் கையில் கொடுத்தேன்.
நாற்காலிமேல் ஏறி, பல்லைக் கடித்து,
தட்டு முழுக்க அழுத்தினாள்.
சந்து விட்டால் வெட்டும்போது உதிரும்.

பிரிட்ஜில் தட்டு நுழையவில்லை.
அவன் வாங்கிய சம்பால் போத்தல் குறுக்கே நின்றது,
தேதி முடிந்து எட்டு மாதம்.
கொட்டிக் கழுவிக் கவிழ்த்தேன்.
நல்ல கண்ணாடிப் போத்தல்.
மறுநாள் அதில் மிளகாய்த்தூள் போட்டேன்.

ராத்திரி இரண்டு மணிக்கு
பிரிட்ஜைத் திறந்து விரலால் அமுக்கிப் பார்த்தேன்.
இறுகியிருந்தது.

வெட்டினால் கறுப்பில் வெளிர்த் துண்டுகள்,
பாத்தேக் துணி மாதிரிதான்.
ஒன்றின் கோலம் மற்றொன்றில் இல்லை;
யாழிசையின் தூள் விழுந்த இடத்தில்
கோலமே இல்லை.
துண்டு ஒரு வெள்ளி.

புனிதமலர் டீச்சர் இரண்டு வாங்கிக் கடித்தபடி கேட்டார்:
"நல்லாருக்கே! இதுக்கு அவன் வேணாமா?"
கேட்டுவிட்டு நாக்கைக் கடித்தார்.
நெற்றிவரை சிவந்துவிட்டது.
பிறகு என் முகத்தைப் பார்த்தார்,
மெல்லப் புரிந்தது.
"ஐயோ, அந்த அவனா!"
"ரெண்டும்தான் டீச்சர்."
சில்லறை கேட்டு நின்ற பிள்ளைகள்
நாங்கள் சிரித்து முடியும்வரை நின்றார்கள்.

முப்பத்தொன்பது விற்றது.
மிஞ்சிய ஒன்றைத் திங்கட்கிழமை
தராசுக் கூண்டு ஜன்னல் வழியே
சன்னாசி அண்ணனிடம் நீட்டினேன்.
மென்றுகொண்டே கியரைப் போட்டார்.
"இனிப்பு தூக்கலா இருக்குமா."

உண்மைதான்.
முழு டின்னையும் ஊற்றியிருக்கக் கூடாது.