பக்கம் அறுபத்திரண்டு

நாற்பத்தொன்பதில் வந்த தோட்டத்து நாவல்.
மறுபதிப்புக்கு மெய்ப்புப் பார்க்கிறேன்,
பினாங்கு, சூலியா தெரு முனை மாடியில்.
துரை வாய் திறந்தாலே
'கெலிங்' என்று விழுகிறது.
பதினேழு இடம். வட்டமிட வட்டமிட
கை சுட்டது.

சன்னலுக்கு வெளியே தெருப்பலகை
அதே சொல்லைப் பள்ளிவாசலின் பெயரோடு சுமந்து
சாதுவாய் நனைகிறது.

"எடுத்துடுங்க, பிள்ளைங்க படிக்கணுமில்ல"
என்றார் பதிப்பாளர்.
"துரையை நல்லவனாக்க நமக்கென்ன கூலி?" என்றேன்.
சிரித்தோம்.

தவமலர் அச்சுக்கோத்து அனுப்பியதில்
ஓரிடம் மட்டும் வெள்ளை.
நம் கங்காணி, தண்ணீர்ப் பீப்பாயைத் தொட்ட ஒருத்தியை
_____ என்று கூப்பிடும் வரி.

விடுபட்டதென்று மூலத்தைப் புரட்டினேன்.
இருந்தது.
மூன்று முறை படித்த நாவல்;
ஒருமுறையும் என் கண்
அதில் தடுக்கியதில்லை.

தொலைபேசியில் கேட்டேன்.
"மத்ததெல்லாம் அடிச்சிட்டேன் சார்.
அதை மட்டும் நீங்களே அடிச்சுக்குங்க.
எங்க அம்மாச்சியை அப்படித்தான் கூப்பிட்டாங்க,
பத்தாங்கட்டைத் தோட்டத்துல. நம்மாளுங்கதான்."

மழை விட்டுவிட்டது.
கை சுடவில்லை இப்போது, கூசுகிறது.
நாலே எழுத்து.
அடிப்பதா,
அடித்துவிடுவதா.