டிக்கியில் ஒரு கேடயம்

சங்கத்தின் செயலாளர் நான்.
பிழைப்புக்கு, திருப்பாதிரிப்புலியூரில்
மூக்குக்கண்ணாடிக் கடை.

விருதுக்கென்று ஒரு படிவம் வைத்திருக்கிறோம்:
பெயர், முகவரி, சேவையின் தன்மை,
எத்தனை ஆண்டுகளாக,
பயனடைந்தோர் எண்ணிக்கை.

முதுநகர் சுல்தான் மொய்தீனுக்குப் போன் போட்டேன்.
பிணவறையில் கேட்பாரற்றுக் கிடப்பவர்களை
அவரவர் முறைப்படி அடக்கம் செய்கிறவர்.
"பயனடைந்தவங்க எத்தனை பேர் பாய்?"
கொஞ்ச நேரம் சத்தமில்லை.
"அதை அவங்களத்தான் கேக்கணும்" என்றார்.
சிரித்தாரா, தெரியவில்லை.
நூற்றுப் பன்னிரண்டு என்று
நானாகப் போட்டுக்கொண்டேன்.

இளவழகன் கணக்கில் கெட்டி.
நாற்பத்தொரு முறை ரத்தம்,
தேதிவாரியாக,
இடக்கையா வலக்கையா என்பது உட்பட.

தேவனாம்பட்டினம் கலைமணி,
கெடிலம் ஊருக்குள் வந்த ராத்திரி
தெருவில் படகு ஓட்டியவர்.
"டீசல் காசு இன்னும் பாக்கி சார்,
அதையும் எழுதுங்க."
எழுதவில்லை.

கடைசியாகப் பெரியநாயகி.
செம்மண்டலம் பக்கம், பள்ளிக்கூட வளைவில்
காலை எட்டரைக்கும் மாலை நாலுக்கும்
விசிலோடு நிற்கிறவர்.
"எத்தனை வருஷமாம்மா?"
"எங்க திலீபன் மூணாவது படிச்சதுலேர்ந்து."
"இப்ப எத்தனாவது?"
"மூணாவதுதான் சார்."

அந்தக் கட்டம் மட்டும்
காலியாகவே அச்சுக்குப் போயிற்று.

விழா அன்று துறைமுகத்தில்
மூன்றாம் எண் கூண்டு ஏற்றியிருந்தார்கள்.
மஞ்சக்குப்பம் மண்டபத்தில் பாதி நாற்காலி காலி.
சிறப்பு விருந்தினருக்கு முந்திரி மாலை.
தன்னலமின்மை குறித்து
ஐம்பது நிமிடம் பேசினார்,
இடையிடையே மாலையில் ஒரு முந்திரியைத்
திருகிக்கொண்டே.
மேடையில் விருதாளர்கள்
தலைமையாசிரியர் அறைக்கு வெளியே
நிறுத்தப்பட்டவர்கள்போல உட்கார்ந்திருந்தார்கள்.

சால்வை. கேடயம். கைதட்டல்.
போட்டோக்காரருக்காக இன்னொரு தடவை கேடயம்.

பெரியநாயகி அதைத் திருப்பிப் பார்த்தார்.
'திரு. பெரியநாயகம்' என்று
பொன்னெழுத்தில் மின்னியது.
ஒன்றும் சொல்லவில்லை.
நான்தான் ஓடிப்போய்
"குடுங்கம்மா, மாத்திக் கொண்டாந்து தர்றேன்" என்று
வாங்கி வைத்துக்கொண்டேன்.

படியிறங்கும்போது,
மழைக்குச் சால்வையைத் தலையில் போட்டபடி கேட்டார்:
"சார், ஒரு விசில் கெடைக்குமா?
உள்ள உருளுற குண்டு தேஞ்சுபோச்சு."

கேடயம் எண்ணூற்றைம்பது.
விசில் நாற்பதோ ஐம்பதோ.
"செயற்குழுல வெக்கறோம்மா" என்று
என் வாய் சொன்னது.
பதினெட்டு வருஷமாகச் சங்கத்தில் இருக்கிற வாய்.

பெயர் திருத்தி வந்துவிட்டது.
ஸ்கூட்டர் டிக்கியில் இருக்கிறது.
விசில், அடுத்த கூட்டத்தின் ஏழாவது பொருள்.

தினமும் காலையில் அந்த வளைவுக்குப் போகிறேன்.
வண்டியை ஓரங்கட்டி
கையில் கொடுத்துவிட வேண்டும் என்றுதான்.
அதற்குள் அவர் உள்ளங்கை உயர்ந்துவிடுகிறது,
நேராக என் மூக்குக்கு.
நிற்கிறேன்.
எனக்குப் பின்னால் புதுச்சேரி பஸ் நிற்கிறது.
அதற்குப் பின்னால் மணல் லாரி நிற்கிறது.
விசிலில் வெறும் காற்றுதான் வருகிறது,
ஆனாலும் நிற்கிறது எல்லாம்.

தண்ணீர் பாட்டில் ஆட,
ஒரு ஷூ லேஸ் அவிழ்ந்திருக்க,
சண்டை போட்டபடி,
பிள்ளைகள் கடக்கிறார்கள்.
மூன்றாவது படிக்கும் உயரத்தில் ஒருவன் வந்தால்
அந்தக் கை
ஒரு நொடி கூடுதலாக நிற்கும்.

பிறகு "போங்க, போங்க" என்று விரல்கள்.
யாரென்று என்னைப் பார்ப்பதில்லை.
பார்க்க நேரமில்லை.
பஸ்காரன் ஹாரனை அழுத்துகிறான்,
போய்விடுகிறேன்.

நாற்பது ரூபாய்.
நானே வாங்கியிருக்கலாம்.

கடை வரைக்கும் ஐந்து வேகத்தடை.
ஒவ்வொன்றிலும்
எனக்குக் கீழே
பெரியநாயகி என்ற சரியான பெயர்
தடதடவென்று அடித்துக்கொள்கிறது.